அவர் ஜன்னலில் மட்டும் மழை

முதலில் அவள் கவனித்தது அவன் கண்களை அல்ல... உதடுகளை!

சகாராவிலிருந்து வரும் ஹர்மட்டான் காற்று குமாசி நகரத்தின் மேல் மாவு சலித்ததுபோலப் புழுதியைக் கொட்டியிருந்த ஜனவரி அது. எதிர்ச் சாரிக் கட்டடம் தெரியாது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம், நிலா மாதிரி வெளுத்துத் தொங்கும். ஊரில் எல்லார் உதடும் வெடித்து, எல்லாரும் ஷியா வெண்ணெய் தடவி... கேஜெட்டியா நிலையத்தில் புறப்பட்ட அந்த ட்ரோட்ரோ வேனில் செர்வாவின் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனின் உதடுகளும் அப்படித்தான் பளபளத்தன. ஆனால் அவை அசைந்துகொண்டிருந்தன. சத்தமே இல்லாமல்.

செர்வாவின் கைபேசியில் நடிகர் பாப்பா அசான்சா பேசிக்கொண்டிருந்தார். திரையில் அவர் தும்மினால் ஊரே விழுந்து விழுந்து சிரிக்கும், அந்த அசான்சா. பணம் கட்டினால் நாம் கேட்டவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி வீடியோ அனுப்புவார்.

"க்வாகு! என் தம்பி க்வாகு! இன்னிக்கு உன் பொறந்தநாளாமே..."

பக்கத்து உதடுகளும் அதைத்தான் சொல்லின. இல்லை... ஒரு கணம் முன்னால் சொல்லின.

செர்வாவுக்குப் பிடரி சிலிர்த்தது. சேச்சே, தற்செயல்... மறுபடி ஓடவிட்டாள். அசான்சா "கடவுள் உனக்கு" என்று வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வாய் "நீண்ட ஆயுள்" வரைக்கும் போயிருந்தது!

அந்த வீடியோ அவள் அப்பாவுக்கென்று மட்டும் செய்யப்பட்டது. அன்று காலையில்தான் வந்தது. யாருக்கும் அவள் காட்டவில்லை.

"ஹலோ மிஸ்டர்!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். அப்போதுதான் கண்கள்... தூங்கிப் பல நாளான, இமை மயிரெல்லாம் புழுதி படிந்த, அத்தனைக்கும் நடுவே ஈரமான கண்கள். செர்வா கேட்க வந்ததை அரைக்கணம் மறந்து தொலைத்தாள். 'அடியே, திருடனா இருந்தாலும் இருப்பான். கண்ணைப் பாக்கறியே' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"என்ன மேடம்?"

"இது எங்க அப்பாவுக்கு வந்த வாழ்த்து. உங்களுக்கு எப்படி மனப்பாடம்?"

"எனக்கா? நான் சும்மா... ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

"க்வாகுன்னு கூப்பிட்டா ஜெபம் பண்ணுவீங்க?"

"எனக்கும் ஒரு க்வாகு தெரியும். பாவம், மூட்டு வலி."

முன் சீட்டு அம்மாள் குலுங்கிச் சிரித்தாள். செர்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து அடக்கி வைத்த எரிச்சல் வந்தது.

"மனப்பாடம் பண்ணினவரே, இதுல ஒரு வரி குறையுது. அது எங்கே? 'உன் மகள் செர்வா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறா'ன்னு சொல்லச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதுக்காகத்தான் இதையே வாங்கினேன். ஞாயித்துக்கிழமை அப்பாவோட அறுபதாவது பொறந்தநாள்."

"அதை அவரால சொல்ல முடியாது மேடம்."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் அந்த வெள்ளைச் சூரியன் போலாயிற்று.

"ஏன் முடியாது? நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"கண்டக்டர், நிறுத்துங்க! இங்கேயே!"

செர்வா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஓடாதீங்க. இன்னொன்னும் கேக்கணும். அவருக்குப் பின்னாடி ஜன்னல்ல மழை கொட்டுது பாருங்க. நம்ம ஊர்ல மழையைப் பார்த்தே மாசக்கணக்காச்சு. எந்த ஊர் மழை இது?"

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"அவர் ஜன்னல்ல எப்பவும் மழைதான்" என்றான். இறங்கினான். நாலடி வைத்தான்... புழுதிப் பனி அவனை அப்படியே விழுங்கிவிட்டது.

*

ஒரு மன்னிப்பைக் கேட்க எதற்கு ஒரு நடிகர்?

போன வருஷம் செர்வாவைப் பெண் கேட்டு வந்தார்கள். முறைப்படி வாசல் கதவைத் தட்டி, மதுப் பாட்டில் வைத்தார்கள். அப்பாவும் சம்மதமென்று அதை வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு லாரி உதிரிபாகக் கடை. பேச்சும் உதிரி உதிரியாகத்தான் வந்தது. மறுநாள் செர்வா யாரிடமும் சொல்லாமல் அந்தப் பாட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு போய், பட்டப்பகலில், தெருவே பார்க்க, மாப்பிள்ளை வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அப்பா அவளோடு பேசவில்லை. அவள் தனியே அறை எடுத்து, ஆசாஃபோவில் ஒரு குளிரறைக் கடையில் உறைந்த மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

அங்கே பெரியவர்களிடம் யாரும் நேராகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட முடியாது. நமக்காகப் பரிந்து பேச, அவர்கள் தட்ட முடியாத ஓர் ஆளைக் கூட்டிப் போக வேண்டும். சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பாஸ்டருக்கு அப்பாவைக் கண்டாலே பயம். அப்பா தட்டவே முடியாத ஆள் என்று யோசித்து யோசித்து... பாப்பா அசான்சா!

தன் மூளையை நினைத்து அன்று அவளுக்கே பெருமையாக இருந்தது. அப்படி அவள் பெருமைப்பட்ட காரியங்கள் எதுவும் உருப்பட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வேனில் அவனைப் பார்த்த மறுநாள் சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு நேரே பந்தாமாவுக்குப் போனாள். அசான்சாவின் வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள். காட்டியவர்கள் யாரும் கூட வரவில்லை.

கேட் திறந்தே கிடந்தது. முற்றத்தில் ஆளில்லை. மாமரத்து இலைகளெல்லாம் சாம்பல் பூசி நின்றன. வீட்டுக்குள்ளிருந்து அசான்சாவின் குரல் வந்தது.

"அகோசுவா..."

நிறுத்தம்.

"அஜோவா..."

மறுபடி நிறுத்தம். விளையாடப் போன பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல். எந்தப் பிள்ளையும் வரவில்லை.

"அபெனா... அகுவா... யா..."

செர்வா படியில் கால் வைத்தாள். அசான்சாவைப் பார்க்கப் போகிறோம் என்று சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் திறந்து கிடந்த கேட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அஃபியா..."

வெள்ளிக்கிழமையில் பிறந்தவள் அவள். வீட்டில் எல்லாருக்கும் அவள் அஃபியா செர்வா. ஆள் தெரியாமல் கூப்பிடும் குரலுக்குப் பதில் சொல்லக் கூடாது என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நாக்கு முந்திக்கொண்டது.

"வந்துட்டேன்!"

குரல் நின்றது. கதவு திறந்தது. வேனில் பார்த்த அதே கண்கள்...

"பதில் சொன்னது நீங்களா?" என்றான்.

"கூப்பிட்டார், வந்தேன். எங்கே அவர்?"

அவன் ஒதுங்கி நின்றான். உள்ளே ஒரு கணினி. அதன் திரையில் அசான்சா வாயைப் பாதி திறந்தபடி உறைந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் மழை. செர்வா நிமிர்ந்தாள். எதிரே அதே ஜன்னல். கண்ணாடியில் புழுதி. அதே நாற்காலி. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதன்மேல் மடித்து வைத்த ஒரு துணி. நாற்காலியில் யாருமில்லை.

"மாமா ஊருக்குப் போயிருக்கார்" என்றான் அவன்.

குமாசியில் இந்த வாக்கியத்தை இந்தக் குரலில் சொன்னால் யாரும் எந்த ஊர் என்று கேட்கமாட்டார்கள். குடும்பத் தலைவர் வாய்விட்டு அறிவிக்கும் வரை அந்த இன்னொரு வார்த்தையை வீட்டில் எவரும் சொல்லக் கூடாது. வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வரவேண்டும், வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும். அதுவரைக்கும் அவர் குளிரில் காத்திருப்பார். செர்வாவுக்குத் தன் கடையின் குளிரறை நினைவுக்கு வந்தது. வரக்கூடாத நினைவு.

"அப்ப இந்த வாழ்த்து...?"

"நல்ல மழைக்காலத்துல எடுத்தது. டாக்டர் அவருக்கு நாள் குறிச்சுட்டார். அன்னிக்கே என்னைக் கூப்பிட்டு, கேமராவை வைடான்னார். 'பதினாலு பேர் போதும்டா மருமகனே. நம்ம ஜனம் எவனா இருந்தாலும் வாரத்துல ஏதோ ஒரு கிழமைலதானே பொறந்திருப்பான்? அந்தக் கிழமைதானே பேரு? ஆம்பளைக்கு ஏழு, பொம்பளைக்கு ஏழு. நான் போனவுடனே கடையைச் சாத்திடாதே. யாராவது ஒரு பொண்ணு அவ அப்பனுக்காகக் கேட்டிருப்பா'ன்னார்."

அவன் சொல்லி முடித்தான். செர்வாவுக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்தது. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"அப்படீன்னா ஊரே செத்தவர்கிட்ட ஆயுசு வாழ்த்து வாங்கிட்டிருக்கு!"

"மேடம்... அந்த வார்த்தை வேணாம். பக்கத்து அறையில அத்தைங்க இருக்காங்க."

"ஏமாத்து வேலை பண்ணிட்டு வார்த்தையில என்ன பயம்?"

அவன் முகம் சிவந்தது.

"ஏமாத்தா? அவர் வாழ்த்தினது நிஜம். மனசார வாழ்த்தினார். பெத்த அப்பாகிட்டப் பேசச் சொந்த வாய் இல்லாம, பணம் கட்டி ஒரு வாயை வாடகைக்குக் கேட்டது யாரு? நானா?"

பளீரென்று பட்டது. செர்வா வெளியே வந்தாள். கேட்டை அறைந்து சாத்தினாள். புழுதிக்குள் நடந்தாள். தெருமுனை வரைக்கும் முதுகுக்குப் பின்னால் யாரோ தன் பெயரைக் கூப்பிடுவதுபோலவே இருந்தது. இந்தத் தடவை திரும்பவில்லை.

*

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆர்டரில் அவள் கொடுத்திருந்த விலாசத்தைத் தேடிப் பிடித்து, குளிரறைக் கடைக் கவுண்டரில் அவன் வந்து நின்றான்.

"என் பேர் பொன்சு. அன்னிக்குச் சொல்லாம விட்டுட்டேன்."

பொன்சு என்றால் அவர்கள் பாஷையில் திமிங்கிலம். செர்வா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நான் தினம் மீன் விக்கறவ. நீங்க நெத்திலி."

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை. கைபேசியை நீட்டினான். "நீங்க கேட்ட வரி. செஞ்சு கொண்டு வந்திருக்கேன்."

பதினாலு வாழ்த்தையும் கூறுபோட்டு, இங்கே ஒரு எழுத்து, அங்கே ஒரு எழுத்து என்று எடுத்து ஒட்டியிருந்தான். திரையில் அசான்சா பேசினார்.

"உன்... மகள்... செர்... வா... மன்... னிப்பு..."

ஒவ்வொரு எழுத்துக்கும் தலை ஒரு பக்கம் வெட்டி வெட்டித் திரும்பியது. பின்னால் மழை விழுவதும் நிற்பதும் விழுவதுமாக... வாய் மன்னிப்புக் கேட்டது. கண்கள் சிரித்தன. வேறெங்கோ, வேறு யாரையோ வாழ்த்திய சிரிப்பு.

செர்வாவின் விரல்கள் ஐஸைவிடச் சில்லிட்டுப்போயின.

"அழிச்சிடுங்க."

"ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து..."

"அவர் சிரிக்கறப்போ வாயை மட்டும் அழ வெச்சிருக்கீங்க பொன்சு. வேணாம். அழிங்க."

அவன் அழித்தான். பெரிய மூட்டையை இறக்கினவன் மாதிரி மூச்சு விட்டான்.

"ஒட்ட ஒட்ட, அவர் என்னையே பார்க்கற மாதிரி இருந்துச்சு. பயந்து கணினியை மூடிட்டேன். மூடினப்புறமும் குரல் கேட்டுச்சு."

"என்ன சொன்னார்?"

"'சாப்பிட்டியாடா'ன்னார்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அந்தக் கண்களே சொல்லின. குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் செர்வா.

"இல்லை."

அவள் நல்ல பெரிய கானாங்கெளுத்தியாக ஒன்று எடுத்துப் பொட்டலம் கட்டினாள். "வறுத்துத் தின்னுங்க. மாமா கேட்டா பதில் சொல்லணும்ல."

"அன்னிக்கு வாடகை வாய்னு சொல்லிட்டேன்... தப்பு."

"தப்பில்லை. வலிச்சுது. ரெண்டும் வேறவேற."

அவன் போனபின், பொட்டலம் கொடுத்தபோது பட்ட விரலை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். உறைந்த மீனையே தொட்டுத் தொட்டு மரத்த விரல். அதற்குப் போய் இத்தனை சூடு எங்கிருந்து வந்தது?

*

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து அப்பா வீட்டு முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், தட்டுத் தட்டாய் ஜொல்லோஃப் சோறு. பகல் நேரம்தான், ஆனால் புழுதி அடர்ந்து அந்தி மாதிரி மங்கியிருந்தது. செர்வா உள்ளே வராமல் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பு வரி இல்லாவிட்டாலும் வாழ்த்தாவது போகட்டுமென்று வீடியோவை அம்மாவுக்கு அனுப்பியிருந்தாள். அம்மா அதை டிவியில் போட்டாள்.

"க்வாகு! என் தம்பி க்வாகு!"

கூட்டம் கூச்சலிட்டது. அப்பா எழுந்தே விட்டார். முகமெல்லாம் பல்.

"அசான்சா! வந்துட்டியாப்பா! யார் அனுப்பினா உன்னை?"

சிரிப்பு.

"என் பொண்ணா அனுப்பினா?"

சிரிப்பு மெலிந்தது. திரையில் அசான்சா வாழ்த்தி முடித்தார். மழை பெய்தது. படம் தானாக மறுபடி தொடங்கியது.

"க்வாகு! என் தம்பி க்வாகு!"

"கேக்கறேன்ல? அவ என்ன சொல்லச் சொன்னா?"

"க்வாகு! என் தம்பி க்வாகு!"

"சொல்லுப்பா... நான் கேட்டுட்டுத்தானே நிக்கறேன்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கூப்பிடக் கூப்பிட அப்பா பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்... யாருக்குப் பதில் சொல்கிறார் என்று அந்த முற்றத்தில் செர்வாவுக்கு மட்டும்தான் தெரியும். ஓடிப்போய் அவர் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. பந்தல் காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அம்மா ரிமோட்டைத் தடவித் தடவி ஒருவழியாக டிவியை அணைத்தாள்.

அப்பா தளர்ந்து உட்கார்ந்தார். "காதில்லாத ஆளைத் தூது அனுப்பியிருக்கா. நான் சொல்ற பதிலை யார் அவகிட்டக் கொண்டுபோறது?"

"ஐயா, எனக்குக் காது இருக்கு."

பந்தலுக்குள் பொன்சு வந்துகொண்டிருந்தான்! ஆர்டரில் அப்பாவின் விலாசமும் இருந்தது, அதைப் பிடித்து வந்திருக்கிறான். உடலில் சுற்றிய துணியைத் தோளிலிருந்து இறக்கினான். செருப்பைக் கழற்றினான். தலை குனிந்து நின்றான். முறை தவறாத தூதுவன்!

"நீ யாருப்பா?"

"இப்பப் பேசினாரே, அவரோட அக்கா மகன். பேர் பொன்சு."

"இதுவா திமிங்கிலம்?" என்றார் அப்பா. யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். மகளுக்கு அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று பொன்சுவுக்குப் புரிந்திருக்கும்.

"உன் மாமாதானே வந்திருக்கணும்? எங்கே அவர்?"

"மாமா ஊருக்குப் போயிருக்கார் ஐயா."

அப்பா அணைந்த திரையைப் பார்த்தார். தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்... சற்றுமுன் அந்த உதடுகள் யாரோடு பேசின என்று. மெல்லத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். எப்போது என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

"பத்திரமாப் போய்ச் சேரட்டும்" என்றார். குரல் கரகரத்தது. "அவ்வளவு தூரத்துலேர்ந்து எனக்காக ஒருத்தரை வரவழைச்சிருக்காளே... எங்கே அவ?"

செர்வா பந்தல் காலை விட்டாள். பொன்சுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். ஆனாலும் முறை முறைதான். அவள் பொன்சுவைப் பார்த்துச் சொன்னாள்:

"அப்பாகிட்டச் சொல்லுங்க... அந்த மாப்பிள்ளையை வேணாம்னு சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்கலை."

பொன்சு அப்பா பக்கம் திரும்பினான். "ஐயா, ஆரம்பமே கொஞ்சம் காரமா இருக்கு..."

"காதுல விழுந்துது. மேல சொல்லு."

"ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம பாட்டிலைத் தூக்கிட்டுப் போயி, தெருவே பார்க்க உங்களைத் தலைகுனிய வெச்சேன். அதுக்கு... அப்பா, அதுக்கு..." அவள் யாரைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதை மறந்துவிட்டாள். அப்பாவின் காலடியில் மண்டியிட்டு ஓவென்று அழுதாள்.

அப்பா பொன்சுவைப் பார்த்தார். கை மட்டும் மகள் தலையில் இருந்தது. "அவகிட்டச் சொல்லு. அவ வராத ஞாயித்துக்கிழமையெல்லாம் எனக்கு ஃபூஃபூ தொண்டையில இறங்கலைன்னு."

"பொய்!" என்றாள் அம்மா. "கிண்ணத்தை வழிச்சுத் தின்னார்."

சிரிப்பும் அழுகையுமாய் முற்றம் கலகலத்தது. அப்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறைப்படி கேட்டார்:

"தூதுவரே, வேற ஏதாவது சேதி இருக்கா?"

"ஒண்ணு இருக்கு ஐயா. ஆனா அதை அவங்க சொல்லி அனுப்பலை."

செர்வா நிமிர்ந்தாள். "நான்தான் எல்லாத்தையும் சொல்லிட்டேனே?"

"இது தூதுவனோட சொந்தச் சரக்கு. ஐயா, உங்க பொண்ணுகிட்டச் சொல்லுங்க..."

"நான் ஏண்டா சொல்லணும்? அவ உன் பக்கத்துலதானே இருக்கா!"

பொன்சு திரும்பினான். ஊருக்கெல்லாம் வாழ்த்து அனுப்பியவனிடம் இப்போது எழுதிக் கொடுத்த வரி இல்லை, ஒட்ட எழுத்து இல்லை...

"மாமா குரல்ல இருந்தா எவ்வளவோ அழகா இருந்திருக்கும்" என்றான். "என் குரல் இப்படித்தான், கீச்சுக் கீச்சுன்னு. அந்த வீட்டுல ராத்திரியில தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கு. அதுக்காக இல்லை... பயம் போனப்புறமும் நீ வேணும். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு செர்வா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்க வீட்டுக் கதவைத் தட்ட எனக்கு இப்ப மாமா இல்லை" என்றான் மெதுவாக. "குடும்பத்துல வாய் திறந்து, அவரை நல்லபடியா அனுப்பி வெச்சப்புறம்தான் யாராவது வர முடியும். நாளாகும். காத்திருப்பியா?"

செர்வா கண்ணைத் துடைத்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. அந்தத் தூங்காத ஈரக் கண்களையே பார்த்தாள்.

"காத்திருக்கேன். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவர மாட்டேன்" என்றாள். பிறகு முற்றம் முழுக்கக் கேட்கட்டுமென்று உரக்கவே சொன்னாள்:

"எனக்கும் உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, பொன்சு."